சாணைக்கல்லின் பற்கள்

"சாணை பிடிக்கிறதா, அம்மா, சாணை!" என்று தெருவில் குரல் கேட்டதும் குழந்தைகள் வாசலுக்கு ஓடுவார்கள். அரிவாள்மணைக்குக் கூர் ஏறுகிறதா என்பது பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. மத்தாப்பூப் போல் தெறிக்கும் பொறிகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பொறி எப்படி உண்டாகிறது என்று கேட்டால், "கல் உராய்கிறது, நெருப்புப் பறக்கிறது" என்று சொல்லி விடுகிறோம். அது பாதி உண்மைதான்.

சக்கரத்தடியில் விழும் கரும்பொடியைச் சிறிது எடுத்து, சக்தி வாய்ந்த பூதக்கண்ணாடியில் பாருங்கள். தச்சன் மரத்தை இழைக்கும்போது விழுமே, அதே மாதிரிச் சுருள்கள்! நடுநடுவே எரிந்து உருகிய சிறு உருண்டைகளும் காணும். ஆகவே, சாணைக்கல் இரும்பைத் தேய்க்கவில்லை, செதுக்குகிறது. கல்லிலுள்ள ஒவ்வொரு பரலும் ஒரு சின்னஞ்சிறு உளி. செதுக்கிய சுருள் பழுக்கக் காய்ந்து பறக்கையில், காற்றிலுள்ள பிராணவாயு பட்டு எரிகிறது. அதுவே பொறி.

ஆனால் இவை கொல்லன் தீட்டிக் கொடுத்த உளிகள் அல்ல. ஒவ்வொன்றும் மனம் போனபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. சில பரல்கள் இரும்பை வெறுமே தடவிவிட்டுப் போகின்றன. சில, ஏர்க்கொழு மண்ணை ஒதுக்குவதுபோல் பள்ளம் கீறி, உலோகத்தை இருபுறமும் தள்ளுகின்றன. ஆழப் பதிகிற சிலவே சுருளைச் சீவி எடுக்கின்றன. வேலை செய்கிறவர்கள் சிலர், உடனிருந்து சூடு கிளப்புகிறவர்கள் பலர். நம் காரியாலயங்களில் காணாததா, என்ன?

பரலாவதற்கு எஃகைவிடக் கடினமான பொருள் வேண்டும். பழைய நாளில் அதற்குக் குருந்தக்கல் உதவிற்று. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். 1891-ல் அமெரிக்காவில் ஆச்செஸன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சியபோது, மின்னும் படிகங்கள் கிடைத்தன. கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணி, அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது கரியும் சிலிக்கனும் சேர்ந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

இப்பரல்களைக் களிமண் போன்ற பசையில் பிசைந்து சூளையில் சுட்டால் சக்கரம் ஆகிறது. இங்கேதான் ஒரு விசித்திரம். கடினமான எஃகுக்கு 'மெதுவான' சக்கரம் வேண்டும். மெதுவான இரும்புக்குக் 'கடினமான' சக்கரம். காரணம் எளிது. கடின எஃகில் பரல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பரலைப் பசை இறுகப் பிடித்திராமல் உதிர விட்டால்தான், அடியிலுள்ள புதுப் பரல் தலை நீட்டும். சக்கரம் தன்னைத் தானே தீட்டிக்கொள்கிறது.

பசை விடவில்லையென்றால் மழுங்கிய பரல்கள் வெட்டாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். சூடெல்லாம் கத்தியில் ஏறும். முதலில் வைக்கோல் நிறம் தோன்றும். 300 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது நீலம் பாயும். சிலர் அந்த நீலத்தை அழகென்று எண்ணுகிறார்கள். அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்பதே அதன் பொருள். நிறத்தைத் தேய்த்துப் போக்கிவிடலாம். பதத்தை மீட்க, மறுபடி உலையில் காய்ச்சித் தோய்த்தாக வேண்டும். அடுத்த முறை சாணைக்காரர் வரும்போது, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்து, அடிக்கடி தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.