புளியங்கொட்டையை வறுப்பது தோலை எடுக்கத்தான்



மாசி பிறந்தால் புளி உலுக்க ஆரம்பித்து விடுவோம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொண்டிருப்பார்கள். ஓடு உடைப்பது, நார் உருவுவது, கொட்டை எடுப்பது எல்லாம் நம் கைதான். 100 கிலோ பழம் உடைத்தால் ஏறக்குறைய 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். மூன்றில் ஒரு பங்கு கொட்டை! அதை மூட்டை கட்டி வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்து விடுகிறோம். வீட்டுக்கென்று ஒரு படி எடுத்து வைப்பவர்கள் குறைந்து போனார்கள்.

நம் பாட்டிமார் அப்படி விடவில்லை. தாயம் ஆட நாலு கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைப்பார்கள், மீதியை வறுத்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பஞ்ச காலத்தில் இதை மாவாக்கித் தின்ற குடும்பங்களும் உண்டு.

கொட்டையின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. மாவைத் தண்ணீரில் காய்ச்சினால் பசை மாதிரி கெட்டியாகும். இந்தப் பசைக்காகத்தான் மில்காரர்கள் வாங்குகிறார்கள். பருத்தி நூலுக்குக் கஞ்சி போட 1943-லேயே நம் நாட்டு ஆலைகளில் புளியங்கொட்டை மாவு வந்து விட்டது.

ஆனால் மேலே இருக்கிற பழுப்புத் தோல் வேறு கதை. அதில் டானின் என்கிற துவர்ப்பு நிறைய. தோலோடு தின்றால் மலம் கட்டும், வயிறு வலிக்கும், உள்ளே போன புரதமும் சரியாகச் செரிக்காது. ருசிக்காக வறுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முக்கியமாக, தோலைக் கழற்றத்தான் வறுக்கிறோம்.

நாங்களே இதில் ஏமாந்திருக்கிறோம். முதல் தடவை செய்தபோது அவசரத்தில் தீயை ஏற்றி வைத்து விட்டோம். வெளியே கருகிப் போச்சு, உள்ளே பச்சை. தோல் பாதி ஒட்டிக் கொண்டே இருந்தது. "பரவாயில்லை" என்று ஆளுக்கொரு பிடி தின்றோம். மறுநாள் யாரும் யாரிடமும் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை!

அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம். முதலில் கொட்டையைக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதையும், வண்டு துளைத்த ஓட்டை உள்ளதையும், பூசணம் பிடித்ததையும் தூக்கிப் போட்டு விட்டு மற்றதை வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். கழுவிக் காயவைத்த ஆற்று மணலை இரும்புச் சட்டியில் சூடாக்கி, அதில் கொட்டையைப் போட்டு மிதமான தீயில் கை விடாமல் கிண்டுங்கள். மணல் இருந்தால் சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் வரும். முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டினால் தோல் சில்லுச் சில்லாகக் கழன்று, உள்ளே பருப்பு இளமஞ்சளாகத் தெரியணும். அதுதான் பக்குவம்.

மணலைச் சலித்து விட்டு, சூடு ஆறுமுன் உரலில் போட்டு லேசாக இடித்து முறத்தில் புடையுங்கள். ஒட்டியிருக்கும் தோலைக் கையால் எடுக்க வேண்டியதுதான். சலிப்பான வேலை, ஆனாலும் விடக்கூடாது. பிறகு இரவு முழுக்க ஊறவையுங்கள், நடுவில் இரண்டு தடவை தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர் சிவப்பாக இறங்கினால் தோல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் உப்புப் போட்டு, விரலால் நசுக்கினால் நசுங்கும் வரை வேகவைத்து, கடுகு, வெங்காயம் தாளித்தால் சுண்டல் தயார். முதல் தடவை ஒரு சின்னக் கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

ஊறவைக்காமல் வறுத்ததை அப்படியே கடிக்காதீர்கள், கல்லு மாதிரி இருக்கும், பல் போய்விடும். சின்னப் பிள்ளைகள் கையில் முழுசாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக் கொள்ளும். அவர்களுக்கு வெந்ததை மசித்துக் கொடுங்கள்.

இன்னொரு சங்கதி. வறுத்த புளியங்கொட்டைத் தூளைக் காபித்தூளில் கலப்படம் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். "அரைத்து மட்டும் கொடுங்க, மொத்தமா எடுத்துக்கிறோம்" என்று யாராவது குழுவைத் தேடி வந்தால், எதற்கு என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். நாமே சுண்டல் பருப்பாகப் பொட்டலம் போட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து விட்டு, பொட்டலத்தின் மேல் புளியங்கொட்டைப் பருப்பு என்றே எழுதுங்கள்.

தோல் எடுத்த பருப்பை ஈரமில்லாமல் காயவைத்து மூடி போட்ட தூக்கில் வைத்துக் கொள்ளலாம். உங்கள் ஊரில் வேறு பக்குவம் இருந்தால் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கிண்ணத்தில் கொண்டு வாருங்கள்.