மடங்கிய விரலும் மறுவாழ்வும்

காஞ்சிமாநகர்க்கு அணித்தாய், வேகவதி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது திருப்பருத்திக்குன்றம். சமணர் ஜினகாஞ்சி எனப் போற்றும் இவ்வூரிலுள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விசயநகர அமைச்சனாகிய இருகப்பன் 1387-88-இல் எடுப்பித்தான். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளை எழுதிய ஓவியர் கையும், காஞ்சியின் தறிகளில் பட்டும் சரிகையும் நெய்வார் கையும் செய்யுந் தொழிலால் வேறு. ஆயினும் இரு திறத்தார்க்கும் முதற்பொருள் ஒன்றே. அது, மனம் நினைத்தவாறு இயங்கும் விரல். அவ்விரல் ஒரு நாள் நினைத்தவாறு இயங்காது மடங்கிவிடின் அத்தொழிலாளன் என் செய்வான்? இவ்வினாவிற்கு விடை தேடிய ஓர் ஆராய்ச்சி நம் காஞ்சிக்கு அண்மையிலேயே தொடங்கி, வேலூரில் வளர்ந்து, உலகெங்கும் பரவிற்று. அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் வேண்டும். ‘நரம்பு’ என்னும் சொல்லைப் பண்டைத் தமிழர் யாழின் தந்திக்கும் வழங்கினர். இன்றும் ஊர்ப்புறத்தார் புறங்கையில் நீண்டு தோன்றும் கயிறு போன்றவற்றையும் நரம்பு என்றே கூறுவர். மருத்துவ நூலாரோ இவற்றை இரண்டாகப் பிரிப்பர். மூளையின் ஏவலைத் தசைக்குக் கொண்டு செல்வதும், தோல் உணர்ந்ததை மூளைக்கு அறிவிப்பதும் நரம்பு. தசையின் இழுப்பை எலும்பிற்குக் கொண்டு செல்வது தசைநாண். முன்னது தூது, பின்னது கயிறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மேல்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

தசைநாண் ‘இணைப்புத் திசு’ என்னும் இனத்தைச் சார்ந்தது. உடலின் உறுப்புக்களை ஒன்றோடொன்று பிணைத்தும் தாங்கியும் நிற்பது இவ்வினத்தின் தொழில். கொலாஜன் என்னும் புரத இழைகளே இதன் வலிமைக்குக் காரணம். தோலில் இவ்விழைகள் பல திசையினும் ஓடிப் பின்னிக் கிடக்கின்றன. ஆதலின் தோல் எப்பக்கம் இழுப்பினும் தாங்கும். தசைநாணிலோ அவை பாவு நூல்போல் ஒரே திசையில் நெருங்கி நிற்கின்றன; ஆதலின் அது நெடுக்கில் இழுக்கும் பெருவிசையையும் அறாது தாங்கும். மற்றோர் இயல்பும் இதற்கு இன்றியமையாதது. அது தன்னைச் சூழ்ந்த திசுக்களினூடே வழுக்கிச் செல்லுதல் வேண்டும். காயம் ஆறுங்கால் தோன்றும் தழும்பு தசைநாணை அண்டையிலுள்ளவற்றோடு ஒட்டவைத்துவிடின், கயிறு அறாதிருந்தும் விரல் அசையாது.

இனி, விரல் மடங்குமாற்றைக் காண்போம். தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். அக்கிருமி உடலின் வெப்பங் குறைந்த இடங்களையே பெரிதும் விரும்பும். முழங்கையின் உட்புறத்தே தோலுக்கு மிக அண்மையாக ஓடும் நரம்பு அதற்கு ஏற்ற இடமாகின்றது. அந்நரம்பு வீங்கிப் பழுதுறின், உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் ஏவலின்றி ஓய்ந்துவிடும். விரலின் அடிமூட்டை மடக்குவதும், அதே பொழுதில் நுனிமூட்டுக்களை நீட்டுவதும் அச்சிறு தசைகளின் தொழில். அவை ஓய்ந்தபின் முன்கையின் பெருந்தசைகள் தடுப்பாரின்றி இழுக்க, அடிமூட்டு பின்சாய, நுனிமூட்டுக்கள் உள்மடங்க, கை பறவையின் நகம்போல் வளைந்துவிடுகின்றது. தறியில் ஓரிழை அறுந்தால் நெய்வார் அதனைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பற்றி முறுக்கி இணைப்பர். வளைந்த கைக்கு இயலாத செயல் இதுவே. பாரத்தைத் தூக்கவல்ல கை ஓரிழையைப் பற்றமாட்டாது நிற்கும்.

பன்னூறு ஆண்டுகளாக இக்கோலத்தைக் கண்டோர், கை அழுகிக் கெட்டுவிட்டது என்றே கருதிக் கைவிட்டனர். அக்கருத்தை ஆராய்ந்தவர் டாக்டர் பால் பிராண்டு. 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் ஊழியம் புரிந்த பெற்றோரிடம் வளர்ந்த இவர், மருத்துவம் பயிலுமுன் கட்டிடத் தொழில் பயின்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு டாக்டர் இராபர்ட் காக்ரேன் இவரைச் செங்கற்பட்டிலுள்ள லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தைக் காணுமாறு அழைத்தார். காஞ்சிபுரமும் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியதே. அங்கே நோயாளர் ஒருவரின் வளைந்த கையினுள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்ன பிராண்டு, அவர் பிடியின் வன்மையால் வலி பொறாது திகைத்தார். செயலற்றதெனக் கருதிய கையில் அத்துணை வலிமை எவ்வாறு வந்தது? முன்கையின் தசைகளிற் பெரும்பாலன பழுதுறாமல் இருந்தமையே விடை. இல்லாதது வலிமையன்று, அவ்வலிமையை வேண்டும் இடத்திற்குக் கொண்டு செல்லும் வழியே என்பதை அவர் உணர்ந்தார்.

வழி அமைப்பதற்குத் தசைநாண் உதவிற்று. விரலொன்றை மடக்க முன்கையிலிருந்து இரு தசைநாண்கள் வருகின்றன; ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று தொழிலை நடத்தும். எனவே அங்ஙனம் மிகையாயுள்ள தசைநாண் ஒன்றைப் பிரித்து, இழைகளாகப் பிளந்து, விரல்களின் பக்கத்தே கொண்டு சென்று தைத்தால், ஓய்ந்த சிறு தசைகளின் தொழிலை அது மேற்கொள்ளும். போரிலும் வேறு நோய்களாலும் பழுதுற்ற கைகளுக்கு மேனாட்டு அறிஞர் கையாண்ட இம்முறையைப் பிராண்டு 1948 முதல் தொழுநோயாளர் கைகளிற் செய்தார். பின்னர், மணிக்கட்டை நிமிர்த்தும் தசையொன்றைத் தேர்ந்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நீண்ட தசைநாணால் அதனை நீட்டி, நான்கு கிளைகளாக்கி நான்கு விரல்களிற் சேர்க்கும் முறையையும் வகுத்தார். கிளைகளின் இழுவிசை ஒத்திருத்தல் வேண்டும். பாவில் சில இழை தளர்ந்தும் சில இறுகியும் நின்றால் சேலை சுருங்குமன்றோ? கையும் அத்தகையதே; ஒரு கிளை இறுகின் ஒரு விரல் மட்டும் முந்தும்.

நெடுங்காலம் மடங்கிக் கிடந்த விரலை உடனே அறுத்துத் தைத்தலும் ஆகாது. மூட்டைச் சூழ்ந்த இணைப்புத் திசு குறுகி இறுகியிருக்கும். அதனை வலிந்து நீட்டினால் உள்ளே கிழிந்து, வீங்கி, தழும்புற்று முன்னினும் இறுகும். வேலூரில் கையாண்ட முறையோ பொறுமையின் பாற்பட்டது. விரல் எவ்வளவு நீளுமோ அவ்வளவில் நிறுத்திச் சாந்துக்கட்டு இடுவர். சில நாள் கழித்து அதனை நீக்கிச் சற்றே கூடுதலாக நீட்டி மறுபடியும் இடுவர். உயிருள்ள திசு ரப்பரைப் போல் இழுத்து நீட்டப்படுவதன்று. மென்மையான இடையறா இழுப்பிற்கு இணங்கித் தானே புதிதாய் வளர்ந்து நீள்வது. இதனைத் தெளிவுறக் காட்டியது இவ்வாராய்ச்சியின் பெரும் பயன்களுள் ஒன்றாகும்.

அறுவை முடிந்து கட்டவிழ்த்தபின், கை புதுப் பாடம் கற்கத் தொடங்கும். முன்பு வேறு தொழில் செய்த தசை இப்பொழுது பிறிதொரு தொழிலுக்கு மாற்றப்பட்டுள்ளது. மூளை அதனை அறியவேண்டும். பயிற்சியாளர் பழைய அசைவை நினைக்கச் செய்து புதிய அசைவை வருவிப்பர். பல நாட் பயிற்சிக்குப் பின்னரே அது இயல்பாகும். இயக்கம் மீண்டாலும் உணர்ச்சி பெரும்பாலும் மீளாது. கொதிக்கும் சாயத்தொட்டியில் தோய்ந்த கை சுடுவதை அறியாது. விரல்கள் தேய்ந்து குறைவதற்குக் காரணம் சதை தானே அழுகுதலன்று. வலியறியாக் கை நாள்தோறும் பெறும் தீக்காயமும் வெட்டும் புண்ணுமே என்று பிராண்டும் அவருடன் உழைத்தோரும் நுணுகி ஆராய்ந்து கண்டனர். ஆகவே நோயாளர் தோலின் வேலையைக் கண்ணுக்குப் பழக்கவேண்டும். ஒவ்வொரு மாலையும் கைகால்களைத் தாமே சோதித்தறிய வேண்டும். நாம் வெறுக்கும் வலி எத்துணைச் சிறந்த காவலன் என்பதை அதனை இழந்தவரே நமக்குக் கற்பிக்கின்றனர்.

கை திருந்தியதும் துயர் தீர்ந்ததோ எனின், இல்லை. வளைந்த கையைக் காட்டி இரந்துண்டவர், திருந்திய கைக்கு எவரும் காசு இடுவதில்லை, வேலையும் தருவதில்லை என்று முறையிட்டனர். அறுவை மருத்துவம் செம்மையுற நடந்தும் அவர்கள் வாழ்வு செம்மையுறவில்லை. அதனால் தச்சுவேலை முதலிய தொழில்களைக் கற்பிக்கும் நவஜீவ நிலையம் 1951-இல் வேலூரில் தோன்றிற்று. மறுவாழ்வு என்னும் சொல்லின் முழுப்பொருள் அங்கேதான் தெளிவாயிற்று: உறுப்பு இயங்குதல் மட்டுமன்று, அவ்வுறுப்புக்கு ஒரு தொழிலும், அதனையுடையார்க்கு ஊரில் ஓர் இடமும் கிடைத்தல்.

இப்பொருளைத் தம் வாழ்விலேயே விளக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூரில் மருத்துவராயிருந்த இவர், 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தினால் இரு கால்களும் செயலற்றார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்யப் பயின்றார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை வளர்த்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்தோரும் வேறு காரணங்களால் இயக்கம் இழந்தோரும் அங்குப் பயன் பெறலாயினர். தொழுநோயாளர் கையிற் கற்ற பாடம் எல்லார்க்கும் உதவிற்று.

இன்று இந்நோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் வகுத்த அம்மருந்து, அரசினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றது. ஆயினும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஓரிலட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் எனக் கணக்கிடப்படுகின்றது. உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைக் கண்டவுடன் மருத்துவரை அடைந்தால் விரல் மடங்கவே வேண்டுவதில்லை. அடையவிடாது தடுப்பது அச்சமும் நாணமுமே. மணவிலக்குக்குத் தொழுநோயை ஒரு காரணமாகக் கொண்டிருந்த சட்டப்பகுதிகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன என்பதை எண்ணும்போது, சட்டத்தினும் மெல்ல மாறும் மனத்தை என்னென்பது!

மாணவ நண்பர்காள்! தசைநாணை மாற்றித் தைக்கும் திறம் நம்மெல்லார்க்கும் வாய்ப்பதன்று. தேமலைக் கண்டு மறைக்கும் அண்டை வீட்டாரிடம் உண்மை கூறுதலும், நோய் தீர்ந்து திரும்பியவர்க்குத் தறியில் மீண்டும் இடம் அளிக்குமாறு உரியாரிடம் எடுத்துரைத்தலும் நம்மால் இயலும். மருத்துவர் நிமிர்த்த விரல் மீண்டும் இழையைப் பற்றுவது அவ்விடத்தேதான்.