ஹெட்போன் ஆம்பிளிஃபயர் வாங்குவோர் கேட்க வேண்டிய எண்

16 ஓம், 32 ஓம் என்று மின்மறுப்புக் குறைந்த ஹெட்போன் ஒன்றை ஆசையோடு வாங்கி, அதற்கு இசைந்த ஆம்பிளிஃபயரை ஐயாயிரம் பத்தாயிரம் ரூபாய்க்குள் தேடுகிற சங்கீதப் பிரியர்கள், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மில்லிவாட் கணக்கில் மயங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு அத்தியாவசியமான வேறோர் எண்ணோ, பல பெட்டிகளில் காணப்படுவதேயில்லை.

மில்லிவாட்டைப் பற்றிய மயக்கத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் ஒலி எழுப்பும் உணர்திறனுள்ள ஹெட்போன், காதைத் துளைக்கும் 110 டெசிபலை எட்டுவதற்கு 10 மில்லிவாட்டே போதும். மின்மறுப்பும் உணர்திறனும் சேர்ந்தே குறைந்திருக்கும் சில பிளேனார் (தட்டைச் சவ்வு) வகை ஹெட்போன்களுக்கு மட்டும் கூடுதல் சக்தி நியாயமாகவே தேவைப்படும். உணர்திறனைப் படிக்கும்போது, அது மில்லிவாட்டுக்கா, வோல்ட்டுக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். 32 ஓம் ஹெட்போனில் இவ்விரண்டு அளவைகளுக்கும் இடையே 15 டெசிபல் வித்தியாசம் உண்டு.

நாம் கேட்க வேண்டிய எண், ஆம்பிளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு. அது ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது இத்துறையில் வழங்கும் விதி. அதன்படி 16 ஓமுக்கு 2 ஓமே உச்சவரம்பு. காரணம், ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே அளவாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 16 ஓமாகவும் மற்றோரிடத்தில் 60 ஓமாகவும் மாறுகிற ஒரு ஹெட்போனை, 10 ஓம் வெளியீடுள்ள ஆம்பிளிஃபயரில் மாட்டினால், அவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3 டெசிபல் ஏற்றத்தாழ்வு புதிதாக முளைத்து, மிருதங்கத்தின் தொப்பி நாதமோ வீணையின் மேல்ஸ்தாயியோ கலைஞர் வாசித்த சுபாவத்திலிருந்து பிறழ்ந்துவிடும். 1 ஓம் வெளியீட்டில் இந்தப் பேதம் அரை டெசிபலைக்கூட எட்டாது. மின்மறுப்பு அநேகமாக மாறாத பிளேனார் வகையை இக்குறை பாதிப்பதில்லை. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்பிளிஃபயர்கள் எவ்வளவு அழகாயிருப்பினும், 300 ஓம் ஹெட்போன்களுக்கே பெரும்பாலும் பொருந்துவன. குறைந்த மின்மறுப்புக்காரர்கள் அவற்றின் வசீகரத்துக்கு இணங்காதிருப்பதே நல்லது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அளவுக்கு மீறிய சக்தி கேடும் செய்கிறது. உணர்திறன் மிக்க ஹெட்போனில் அது இரைச்சலை வெளிப்படுத்துவதோடு, வால்யூம் குமிழைச் சற்றே திருப்பியதும் ஒலியைச் சட்டென்று உயர்த்திவிடுகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலே எல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 90 டெசிபலில் அந்த 40 மணி நேரம் 4 மணி நேரமாகக் குறுகிவிடும். உட்செவியில் அழிந்த மயிர்ச் செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆகையால் கெயினை (பெருக்க அளவை)க் குறைக்கும் ஸ்விட்ச் உள்ள கருவியைத் தேர்ந்தெடுத்து, வால்யூமைத் தணித்து வைத்த பிறகே ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். தனி மின் அடாப்டர் உடன் வருமானால், அதில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொருளின் தரத்தையும் திறனையும் அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் அது தவறான விளம்பரமென்றே கருதுகிறது. எனவே வெளியீட்டு மின்மறுப்பு எத்தனை ஓம், விளம்பரத்திலுள்ள மில்லிவாட் எத்தனை ஓமில் அளந்தது என்று பணம் கட்டுமுன் எழுத்து மூலமாகவே கேளுங்கள். பதிலையும், விளம்பரத்தின் பிரதியையும், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சொன்னதற்கு மாறான பொருள் வந்தால், இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அது பலிக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேல், விற்பவர் எவ்வூரில் இருப்பினும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய விலை ஐந்து லட்ச ரூபாயைத் தாண்டாத பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது; வழக்கறிஞரை அமர்த்தாமல் நீங்களே வாதாடவும் இடமுண்டு.