வீடு பூட்டியிருந்த ஓராண்டு

நம் வாடிக்கையாளர்களுள் பலர் மகளையோ பேத்தியையோ கல்விக் கடன் பெற்று அமெரிக்காவுக்கு அனுப்பியவர்கள். அப்பிள்ளைகள் வீட்டாருடன் பேசும்போது ‘சொராரிட்டி’ என்னும் சொல் அவ்வப்போது வந்து விழும். அது விடுதியா, மன்றமா, வெறும் கேளிக்கைக் கூட்டமா என்று பெற்றோர் குழம்புவதுண்டு. அதற்குரிய சந்தாத் தொகையைக் கேட்டபின் குழப்பம் கவலையாகவும் மாறும். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நாட்டுக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. அப்போது இச்சங்கங்களுக்கு நேர்ந்ததை நோக்கினால், அவை உண்மையில் எதைக் கொண்டு கட்டப்பட்டவை என்பது விளங்கும் என நாம் கருதுகிறோம்.

லத்தீன் மொழியில் ‘சொரோர்’ என்றால் சகோதரி. ஆகவே சொராரிட்டி என்பதைச் சகோதரியர் சங்கம் எனலாம். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஒருவர் காமா ஃபை பீட்டா என்னும் சங்கத்துக்காக ஆக்கித் தந்த சொல் அது. சொல்லைக் காட்டிலும் வழக்கம் பழையது. ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிலுள்ள வெஸ்லியன் கல்லூரியில் 1851-இலேயே மாணவியர் இத்தகைய சங்கம் ஒன்றை நிறுவிவிட்டனர். இன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட பல சங்கங்கள் நாடெங்கும் கிளைகளுடன் இயங்குகின்றன. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் மூத்த மாணவி ஒருத்தி ‘அக்கா’வாக அமைவாள். தெற்காசியப் பெண்களுக்கெனவும் சங்கங்கள் உண்டு. ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் கப்பா ஃபை காமா ஆகிய இரண்டும் 1998-இல் டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றியவை.

பழைய சங்கங்கள் பலவற்றுக்குக் கல்லூரியை ஒட்டிச் சொந்த வீடு உண்டு. ஐம்பது, அறுபது பெண்கள் ஒன்றாகத் தங்கி, ஒரே மேசையில் உண்ணும் பெருவீடு. அதன் கணக்கு வழக்கு வங்கியாளர்களாகிய நமக்குச் சுவையானது. பெரும்பாலும் வீட்டை நிர்வகிப்பது பழைய மாணவியர் நடத்தும் தனி நிறுவனம். அடமானக் கடன் தவணை, காப்பீட்டுத் தொகை, சமையற்காரர் ஊதியம், கூரை பழுது ஆகிய அனைத்தும் மாணவியர் செலுத்தும் தங்கல் கட்டணத்திலிருந்தும் சந்தாவிலிருந்தும் ஈடுசெய்யப்படும். வரவு ஒரே வழியில் வரும்; செலவோ பல வழிகளில் போகும்.

2020 மார்ச் 6 அன்று சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. அடுத்த இரு வாரங்களில் ஏனையவும் தொடர்ந்தன. பெட்டிகளுடன் வெளியேறிய மாணவியர் கேட்ட முதல் கேள்வி, “எஞ்சிய மாதங்களின் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?” என்பதே. பல்கலைக்கழக விடுதிகள் பல அதைக் கணக்கிட்டுத் திருப்பித் தந்தன. சங்க வீடுகளுக்கு அது அவ்வளவு எளிதன்று. வீடு காலியாக இருந்தாலும் தவணை நாள் வந்துகொண்டேயிருக்கும். சில கிளைகள் ஒரு பகுதியைத் திருப்பின. சில, அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்வதாகக் கூறின. சகோதரிகள் என்று அழைத்துக்கொண்டவர்களிடையே பணம் பற்றிய கசப்பு எழுந்ததை மறைப்பதற்கில்லை.

வாராந்தரக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. அது அப்படியே ஜூம் திரைக்கு இடம் மாறியது. வருகைப் பதிவு, பொருளாளர் அறிக்கை, தேர்வு நெருங்குவோருக்கு உதவி என்ற பழைய ஒழுங்கும் மாறவில்லை. விமானங்கள் நிற்பதற்கு முன் இந்தியா வந்து சேர்ந்துவிட்ட மாணவிக்கு இதில் ஒரு தனிச் சோதனை இருந்தது. டெக்சாஸில் ஞாயிறு மாலை ஏழு மணி என்றால் சென்னையில் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை. வராதவர் பெயரும் பதிவாகும் என்பதால், இவள் ஏன் பால்காரர் வருமுன் எழுந்து கணினித் திரைமுன் அமர்கிறாள் என்று வீட்டார் வியந்திருக்கக்கூடும்.

அங்கேயே தங்கிவிட்டோர் நிலை இதனினும் கடினம். 2019-20 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர் ஏறத்தாழ 1,93,000 பேர். முற்றிலும் இணையவழி பயிலும் அயல்நாட்டு மாணவர் அந்நாட்டில் தங்கலாகாது என்று 2020 ஜூலை 6-இல் ஓர் ஆணை வந்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குத் தொடுத்ததையடுத்து ஜூலை 14-இல் அது கைவிடப்பட்டது. அந்த எட்டு நாள்களும் பெட்டியைக் கட்டுவதா, கடன் பெற்றுத் தொடங்கிய படிப்பை நம்பி இருப்பதா என்று தத்தளித்த பெண்ணுக்கு, உள்ளூரில் வீடும் வாகனமும் உடைய ஓர் ‘அக்கா’ இருப்பது சிறு பேறன்று.

இலையுதிர்காலப் பருவம் தொடங்கியபோது புதியோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வழக்கமாக மாணவியர் கூட்டங்கூட்டமாக வீடு வீடாகச் செல்வர். வாசலில் பாட்டும் கைதட்டலுமாக வரவேற்பு நடக்கும். அவ்வாண்டு பல இடங்களில் அனைத்தும் திரைவழியே நிகழ்ந்தன. இதனால் ஓர் எதிர்பாராத நன்மை விளைந்தது என்றே சொல்ல வேண்டும். மாளிகையின் அழகும் உடையின் விலையும் திரைச் சதுரத்துக்குள் அடங்கவில்லை, பேச்சே எஞ்சியது.

எனினும், திறந்த வீடுகள் நல்ல பெயர் எடுக்கவில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் மாணவர், மாணவியர் சங்க வீடுகள் நாற்பதில் முப்பது அந்தச் செப்டம்பரில் தனிமைப்படுத்தப்பட்டன. பலர் ஒரே மேசையில் உண்ணும் இன்பமே நோய்க்கு வழியானது. அதே கோடையில் வேறொரு குரலும் எழுந்தது. இச்சங்கங்கள் செல்வரையும் வெள்ளையரையும் மட்டுமே அணைத்துக்கொள்கின்றன என்று சொல்லி, வாண்டர்பில்ட் முதலிய பல்கலைக்கழகங்களில் உறுப்பினர் பலர் தாமே விலகினர். வீடும் விருந்தும் இல்லாத நிலையில், எதற்காகச் சந்தா செலுத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைத்திருந்தது.

இங்கே கறுப்பினப் பெண்களின் சங்கங்களைத் தனியே குறிப்பிடுதல் வேண்டும். அவற்றுக்குப் பெரும்பாலும் தங்கும் வீடு இல்லை. ஆகவே பூட்டுவதற்கும் அதிகம் இல்லை. பட்டம் பெற்றதும் உறுப்பினர் பணி முடிவதில்லை. ஊர்தோறும் பட்டதாரிகளுக்கெனக் கிளைகள் உண்டு; ஆசிரியை, செவிலியர், வழக்கறிஞர் என முதுமை வரை அதில் தொடர்வர். இவற்றுள் மூத்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-இல் தொடங்கப்பெற்றது. அதன் ஆ, க, ஆ என்னும் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நம் செவியில் ‘அக்கா’வின் சாயல் விழும், தற்செயலே ஆயினும் பொருத்தமானது! 1935 முதல் கோடைதோறும் இச்சங்கத்தார் மிசிசிப்பியின் ஏழைப் பண்ணைத் தொழிலாளர்க்கு மருத்துவ முகாம் நடத்தினர். தொழிலாளர் முகாமுக்கு வரப் பண்ணையார்கள் தடை விதித்தபோது, முகாமையே வாகனங்களில் ஏற்றித் தொழிலாளர் இருக்கும் இடத்துக்குக் கொண்டு சென்றனர். இத்தகைய பழக்கம் உடையோர்க்கு 2020 புதிய பாடம் எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கறுப்பின மாணவர்க்கான கல்லூரிகளுக்கென ஒரே நாளில் பத்து இலட்சம் டாலர் திரட்டுவதை ஆண்டுதோறும் செப்டம்பரில் இச்சங்கம் மேற்கொண்டிருந்தது. கூட்டம் கூட முடியாத அந்த ஆண்டிலும் அது தவறவில்லை.

அந்த ஆகஸ்டில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராக அறிவிக்கப்பட்ட கமலா ஹாரிஸ், 1986-இல் இச்சங்கத்தில் சேர்ந்தவர். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் 1958-இல் பத்தொன்பது வயதில் தனியாகப் பெர்க்லிக்குப் படிக்கச் சென்ற தமிழ்ப் பெண் என்பதை நம் வாசகர் அறிவர். அறிவிப்பு வந்ததும் தேர்தல் நிதிக்கு ஒரு விந்தையான தொகை மீண்டும் மீண்டும் வரலாயிற்று: 19 டாலர் 8 சென்ட். சங்கம் பிறந்த ஆண்டே தொகையாயிற்று. மொய் எழுதும்போது நூற்றோடு ஒன்று சேர்க்கும் நமக்கு இதன் சுவை எளிதில் புரியும். தேர்தல் சார்பு எதுவாயினும், முகம் காணாத பெண்கள் ஒருவரையொருவர் கணக்குப் பதிவில் அடையாளம் கண்டுகொண்ட விதம் கருதத்தக்கது.

பெருந்தொற்றுக்குப் பின் இச்சங்கம் தன் உறுப்பினர்க்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கியது. அதற்குக் கிளை அலுவலகங்கள் இல்லை; முழுவதும் இணையவழியே இயங்குகிறது. பெயர், ‘ஃபார் மெம்பர்ஸ் ஒன்லி’.