முற்றத்துத் தரையோடுகளின் இடுக்குகளைத் திருத்துதல்

நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வருபவர்கள் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். அது சரியானதே. ஆனால் கூரை வேலை முடிந்ததும் ஒருதரம் குனிந்து கிணற்றடியையும் முற்றத்தையும் பாருங்கள். தரையோடுகளுக்கு நடுவிலுள்ள சாந்து உதிர்ந்து, இடுக்குகளில் புல் முளைத்திருக்கும். சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பார்ப்பதற்குச் சிறிய பழுதாகத் தெரியும். கிணற்றடியில் அது சிறிய பழுது அல்ல.

வேலணையில் நிலத்தடிச் சுண்ணாம்புக் கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே ஊற்றும் நீர் மண்ணில் வடிபட நேரமில்லாமல் கீழே இறங்கிவிடும். கிணற்றடித் தரையின் இடுக்குகள் திறந்திருந்தால், குளித்த நீரும் துணி தோய்த்த நீரும் கோழி எச்சமும் அதே கிணற்றுக்குள் திரும்பிப் போகும். குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு இது ஒரு வழி. ஆகவே கையில் இருப்பது கொஞ்சச் சீமெந்துதான் என்றால் கிணற்றடியை முதலில் செய்யுங்கள். அடுத்தது வீட்டுச் சுவரோடு ஒட்டிய வரிசை, ஏனெனில் அங்கே இறங்கும் நீர் அத்திவாரத்துக்குப் போகும். முற்றத்தின் நடுப்பகுதி கடைசியாக இருக்கட்டும். அது அடுத்த வருடம் வரை காத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

தொடங்குவதற்கு முன்

1990, 1991 காலப்பகுதியில் தீவகத்தை விட்டு வெளியேறியவர்களின் வீடுகள் பல வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. சிலவற்றில் வேறு ஆட்கள் தங்கியிருந்தார்கள். தரை ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்திருந்தாலோ, ஓடுகளைக் கிளப்பிப் பின்னர் மூடியதுபோல் தெரிந்தாலோ அதில் உளி வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ (119) அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சேத மதிப்பீடு இன்னும் நடக்கவில்லையானால், திருத்துவதற்கு முன் பழுதான இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு பழுதைக் காட்ட முடியாது.

ஏன் உதிர்கிறது

தீவகத்தில் உப்பு காற்றிலும் இருக்கிறது, நிலத்திலும் இருக்கிறது. நீரில் கரைந்த உப்பு இடுக்குகளின் வழியே மேலேறி, வெயிலில் நீர் ஆவியானதும் மணியாக இறுகிச் சாந்தைத் தள்ளி உடைக்கிறது. மாரியில் நனைந்து கோடையில் காய்வது வருடாவருடம் நடப்பதால் எந்த நல்ல சாந்தும் ஒருநாள் தளரும். அதை விரைவுபடுத்துவது நாங்கள் செய்கிற இரண்டு காரியங்கள்: உவர்க் கிணற்று நீரில் குழைப்பது, கடற்கரை மணலை அள்ளிக் கலப்பது. இரண்டாலும் உப்பை எங்கள் கையாலேயே சாந்துக்குள் வைக்கிறோம்.

குடிக்க முடியாத நீர் சீமெந்துக்கும் ஆகாது. சோப்புப் போட்டால் நுரைக்காத நீரையும் விட்டுவிடுங்கள். வீட்டுக் கிணறு உவர் என்றால் சாட்டிப் பக்கத்து நன்னீரோ, பவுசரில் வரும் குடிநீரோ எடுங்கள். இந்த வேலைக்குக் குழைப்பதற்கு ஒரு வாளி போதும்.

மணலும் கொஞ்சந்தான் வேண்டும். மண்கும்பான், அல்லைப்பிட்டி மணல் திட்டிகளில் போய் அள்ள வேண்டாம். மழைநீரைப் பிடித்து வைத்துக் கிணறுகளை நன்னீராக வைத்திருப்பது அந்த மணல்தான். அது போனால் கடல்நீர் உள்ளே வரும். அனுமதியில்லாமல் மணல் ஏற்றுவது குற்றமும்கூட. கடையில் ஒரு சிறு பை ஆற்று மணல் வாங்கி, நுளம்பு வலையில் சலித்து, நன்னீரில் இரண்டு தரம் கழுவிக் காயவையுங்கள்.

எப்போது செய்வது

ஐப்பசியில் வாடை மழை தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். ஆடி, ஆவணி நல்ல மாதங்கள். தரைக்குள் ஈரம் குறைவு. ஆனால் சோளகக் காற்றும் வெயிலும் சாந்தை ஒரு மணித்தியாலத்தில் உலர்த்தி வெடிக்க வைக்கும். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு பூசுங்கள், அல்லது கிடுகு கட்டி நிழல் செய்யுங்கள்.

தட்டிப் பார்த்தல்

ஒவ்வொரு ஓட்டையும் உளிப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். இறுகிய ஓடு கல்லைப்போல் ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் காய்ந்த தேங்காயைத் தட்டியதுபோல் சத்தம் வரும். அப்படியான ஓட்டைக் கழற்றி, அடியைச் சுத்தம் செய்து, புதுச் சாந்தில் பதித்த பிறகுதான் இடுக்கைப் பார்க்க வேண்டும். ஆடுகிற ஓட்டைச் சுற்றி எவ்வளவு நல்ல சாந்து வைத்தாலும் முதல் மழைக்கே விட்டுவிடும். இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள்.

ஒரு வாளி நீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். ஒரு மீற்றருக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் சரிவு, கிணற்றுக்கட்டிலிருந்து வெளியே போக வேண்டும். கழிவுநீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடுங்கள்.

வேலை

தளர்ந்த சாந்தை ஒடுக்கமான உளியால் ஓட்டின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் வரை எடுங்கள். மேலே ஒரு நூலளவு மட்டும் பூசினால் தகடுபோல் உரிந்து வரும். புல்லையும் ஆலங்கன்றையும் வேரோடு இழுத்தெடுங்கள். வேர் உள்ளே அறுந்தால் திரும்ப முளைக்கும். உப்புப் பூத்திருந்தால் முதலில் உலர்ந்த தும்புத்தடியால் கூட்டி அள்ளி எறியுங்கள். எடுத்த உடனே நீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். மேசன்மார் சிலர் அசிட் ஊற்றச் சொல்வார்கள். அது சுண்ணாம்பையும் பழைய சாந்தையும் சேர்த்துத் தின்னும், தேவையில்லை.

கலவை, வீட்டில் இருக்கும் ஓட்டைப் பொறுத்தது. இப்போது நாங்கள் 'மாபிள்' என்று சொல்லும் சூளை ஓட்டுக்கு, இடுக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமானால் ஒரு பங்கு சீமெந்துக்கு ஒரு பங்கு நுண்மணல். அதைவிட ஒடுக்கமானால் மணல் இல்லாத சீமெந்து. கடையில் 'கிரௌட்' என்று விற்கும் பையையும் வாங்கலாம், வெளித்தரைக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். பூவேலை அச்சுப் பதித்த பழைய சீமெந்து ஓடுகள், கொழும்பில் கடை நடத்தியவர்கள் கட்டிய வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றின் ஓரம் மெதுவானது. இறுகிய சாந்து அந்த ஓரத்தை உடைக்கும். அவற்றுக்குச் சீமெந்துடன் அதே அளவு நீற்றிச் சலித்த சுண்ணாம்பைச் சேருங்கள். இப்படியான ஓடு திரும்பக் கிடைக்காது, எறிந்துவிடாதீர்கள்.

நீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி, இடியப்ப மாவைவிடச் சற்று இளக்கமாகக் குழையுங்கள். தோசை மாப்போல் ஊற்றுப்பதம் வந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அரை மணித்தியாலத்தில் முடியும் அளவே குழையுங்கள். இறுகத் தொடங்கியதற்குத் திரும்ப நீர் விடக்கூடாது. இடுக்கை ஈரமாக்கி, நீர் தேங்காமல் துடைத்து, கரண்டியை ஓட்டுக்குக் குறுக்காகச் சரித்து அழுத்தி நிரப்புங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் பிழிந்த ஈரத்துணியால் மேலே ஒட்டியதைத் துடையுங்கள். சீமெந்தும் சுண்ணாம்பும் தோலை எரிக்கும், கைக்கு ஒரு பொலித்தீன் பையாவது கட்டிக்கொள்ளுங்கள்.

சுவரோடு தரை சேரும் இடத்தை மட்டும் சாந்தால் இறுக்க வேண்டாம். வெயிலில் தரை விரியும். அங்கே இடம் இல்லாவிட்டால் ஓடு கிளம்பும். அந்த இடுக்குக்கு இறப்பர்போல் இழுபடும் சிலிக்கன் பசை வைக்க வேண்டும்.

பூசிய மறுநாளிலிருந்து மூன்று நாள் நனைத்த சாக்குப் போட்டு மூடி வையுங்கள். முதல் நாள் யாரும் மிதிக்கக்கூடாது. சைக்கிளை ஒரு கிழமைக்கு வெளியே நிறுத்துங்கள்.

பத்தடிக்குப் பத்தடி முற்றம், ஓரடி ஓடுகள், 6 மில்லிமீற்றர் அகல இடுக்கு என்றால் 5 முதல் 6 கிலோ கலவைதான் பிடிக்கும். சீமெந்து அதில் பாதி. முழுப் பை வாங்கி மிச்சத்தைக் கட்டியாக விடாமல், அயலில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு பை எடுங்கள்.

கிணற்றடி முடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவியுங்கள். அதுவரை நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். முதல் மழை விட்டதும் முற்றத்தில் எங்கே நீர் தேங்குகிறது என்று பார்த்து, அந்த ஓடுகளில் கரியால் குறி வையுங்கள். தையில் தரை காய்ந்ததும் அந்த இடங்களை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.