தோட்டத்தை விட்டு வருமுன்...

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பாட்டன் பாட்டியின் கதையைக் கேட்காத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. 'ரஜூலா' கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியது, நோய்த் தடுப்பு முகாமில் நாட்களை எண்ணிக் கிடந்தது, எல்லாம் நமக்கு மனப்பாடம். (1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியதே, அதுதான் அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்.) ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் லயத்தைக் காலி செய்துவிட்டுக் கம்போங் மேடானுக்கு வந்த கதையை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்த இரண்டாவது பயணம்தான் கடினமானது என்பது என் எண்ணம்.

முதல் பயணத்தில் துன்பம் இல்லையென்று சொல்ல வரவில்லை. கங்காணியின் கடனும் மலைக் காய்ச்சலும் எத்தனை பேரைக் கொண்டுபோயின! ஆயினும் வந்தவரை எதிர்பார்த்து ஒருவர் நின்றார். 1907-இல் ஏற்பட்ட சட்டப்படி தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து ஒரு குடியேற்ற நிதி வைத்தார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போயிற்று. இறங்கினால் லயத்தில் ஓர் அறை, மறுநாள் காலையில் பெரட்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபின், பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றாயிற்று. என்னைப் போன்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சோறு போட்டது அந்த விதிதான்.

தோட்டத்தில் கூரை ஒழுகினால் துரையிடம் சொன்னோம். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரத்துக்குப் போனோம். காய்ச்சலென்றால் டிரெஸ்ஸர். பிள்ளை பிறந்தால் பத்திரம் எடுக்கும் விவரத்தைக் கிராணியிடம் கேட்டுக்கொண்டோம். நம் காகிதங்களைப் பற்றி நாமே கவலைப்படும் பழக்கம் நமக்கு வரவே இல்லை.

ரப்பர் செம்பனையாகி, செம்பனைக் காடு வீடமைப்புப் பகுதியாகத் தொடங்கியதும் தோட்டத்து வேலையோடு வீடும் போயிற்று. 1970-களிலிருந்து பல குடும்பங்கள் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான், கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான் பக்கம் வந்து சேர்ந்தன. பலகைச் சுவர், தகரக் கூரை, புறம்போக்கு நிலம். எதற்காக அங்கே என்றால், பக்கத்தில் சுங்கைவே. 1972-இல் திறந்த அந்தச் சுதந்திர வாணிப வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகள் நம் பெண்களுக்கு வேலை கொடுத்தன. நேற்றுவரை வெளிச்சம் வருமுன் மரம் வெட்டியவள் இன்று இரவு ஷிப்டுக்குத் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கிறாள். பிள்ளை யாரிடம்? தோட்டத்தில் கேட்க வேண்டியிராத கேள்வி அது.

மலாய்க்காரக் குடும்பங்களும் கம்பத்திலிருந்து இப்படியே பிழைப்புத் தேடி வந்து பக்கத்திலேயே குடியேறின. இருவருக்கும் ஒரே நெருக்கடி, ஒரே சந்து. 2001 மார்ச் மாதம் அங்கே மூண்ட கலவரத்தில் 6 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் நம்மவர்கள். அதன் பிறகுதான் நாடே அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது. பலகை வீட்டுக்காரர்கள் பலர் இப்போது தேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள்.

வீடு மாறியும் தீராத ஒன்று இருக்கிறது. காகிதம்!

1957-இல் சுதந்திரம் வந்தபோது, குடியுரிமைக்கு ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மலாய்மொழிச் சோதனைகூட வேண்டியதில்லை என்றார்கள். விவரம் எட்டாமலும், 'நமக்கெதற்கு' என்ற அலட்சியத்தாலும் விட்டுவிட்டவர்கள் ஏராளம். 1969-இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் இறுகியது. அப்போது ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். இங்கேயே பிறந்து, அந்த ஊரைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அதில் உண்டு. தங்கிவிட்ட சிலர் சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமை அடைந்தார்கள்.

இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் இதைப் பார்க்கிறேன். பத்திரம் இல்லாத பிள்ளையையும், பெற்றோரில் ஒருவர் குடிமக்களாக இருந்தால், சேர்த்துக்கொள்ள இப்போது வழியுண்டு. வினை 12 வயதில்தான் தெரியும். வகுப்பே அடையாளக் கார்டு எடுத்துவிட்டு வந்து, போட்டோ நன்றாயில்லை என்று ஒன்றையொன்று கேலி செய்துகொண்டிருக்கும். ஒரு பிள்ளை மட்டும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அதனிடம் நான் என்ன சொல்ல?

தாய்மார்களே, உங்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். தாண்டினால் தாமதப் பதிவென்று பலமுறை அலைய நேரும். அடுத்தது கல்யாணம். 1982 மார்ச் 1 முதல், பதிவு செய்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது திருமணம். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு, பதிவை மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமையில் தாயின் வழியைத்தான் பின்பற்றும். தாய் வெளிநாட்டவராகவோ பத்திரமற்றவராகவோ இருந்தால், தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பிள்ளைக்கு அது உதவாது. 'என் ரத்தம்தானே' என்று மேசையைத் தட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். பாவம், சட்டத்தில் ரத்தத்துக்குப் பாரமில்லை.

சில கோயில்களிலேயே உதவிப் பதிவதிகாரி இருக்கிறார். முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கும்போதே அவரையும் கேட்டு, மனுவை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். தோட்டத்திலிருந்து சாமான் கட்டும்போது பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், ஊழியர் சேமநிதிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, லாரியில் ஏற்றாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் தகப்பனார் பெயர் ஒருவிதமாகவும் கார்டில் வேறுவிதமாகவும் எழுதியிருக்கிறதா என்று, படித்த பிள்ளையை விட்டு ஓரெழுத்து விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால், தோட்டத்தில் உங்களைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பதிவிலாகாவுக்குப் போய்க் கேளுங்கள்.