பாடும் களிமண் உருண்டை



அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய சிறுவர் கல்வித் தொடர் ‘செசமி ஸ்ட்ரீட்’. அதில் வரும் செசில், கண்ணும் வாயும் வைத்த ஆரஞ்சு நிறக் களிமண் உருண்டை. பாடிக்கொண்டே உருமாறி, மேலே, கீழே, உள்ளே, வெளியே எல்லாம் சொல்லித்தரும்.

களிமண் எப்படிப் பாடும்? முதலில் பாட்டைப் பதிவு செய்து, எந்த ஒலி எந்தப் படச்சட்டத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ‘ஆ’வுக்கு வாயைத் திறந்து, ‘ம்’முக்கு மூடி, ஒவ்வொன்றாகப் படமெடுப்பார்கள். எண்ணெய் கலந்த களிமண் என்பதால் காயாது. ஆனால் விளக்குச் சூட்டில் இளகிவிடும்.

திரைப்படச்சுருளில் நொடிக்கு 24 சட்டங்கள். ஓர் அசைவுக்கு இரண்டு சட்டம் என்று எடுத்தாலும், அரை நிமிடப் பாட்டுக்கு 360 முறை உருவத்தை மாற்றியாக வேண்டும்!